சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி கோர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே வீல் கோர்த்துப் பார்க்கிறவர்கள், கடையில் தொழில் பழகுகிறவர்கள், கம்பி அறுந்து அறுந்து சலித்துப்போனவர்கள் எல்லாரும் கேட்பது அநேகமாக இதே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சை மாற்றாமல், எளியதில் தொடங்கி வரிசைப்படுத்தியிருக்கிறோம். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் கணக்கெல்லாம் 36 கம்பி, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்துக் கம்பிகள் மூன்றைத் தாண்டிப் போகும் கோர்ப்பு) போட்ட சக்கரத்துக்கு.

1. ஒரு வீல் கோர்க்க மொத்தம் என்னென்ன சாமான் வேணும்?

நடுவில் ஹப், வெளியே ரிம், இரண்டையும் இணைக்கப் போக்ஸ் கம்பி, கம்பிக்கு ஒன்றாக நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு நட்டு), ரிம்முக்குள் போட ஒரு நாடா. இவ்வளவுதான். ஹப்பின் இரண்டு ஓரத்திலும் துளை போட்ட வட்டத் தட்டு இருக்கும்; 36 கம்பி வீல் என்றால் தட்டுக்கு 18 துளை. கம்பியின் ஒரு முனையில் ஆணிக்கு இருப்பது போல ஒரு கொண்டை, அதை ஒட்டிக் கழுத்து வளைவு, மறுமுனையில் மரை. சாதாரணக் கம்பி 2 மி.மீ. தடிமன், கடைக்காரர் கணக்கில் 14 கேஜ்.

நிப்பிள் பெரும்பாலும் பித்தளை, 12 மி.மீ. நீளம். மரை அங்குலத்துக்கு 56 சுற்று. அதாவது நிப்பிளை ஒரு முழுச் சுற்று திருப்பினால் கம்பி 0.45 மி.மீ. இழுபடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கோட்டம் எடுக்கும்போது (ரிம்மின் நெளிவை நேராக்கும்போது) கால் சுற்று, அரைச் சுற்று என்று சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான். கருவி என்று பார்த்தால் அளவு சரியான நிப்பிள் சாவி ஒன்று, தட்டைத் திருப்புளி ஒன்று. தனி ஸ்டாண்ட் இல்லாதவர்கள் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கையே ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாம்.

2. இவ்வளவு மெல்லிசுக் கம்பி ஆளையும் தாங்கி, பின்னாடி அரிசி மூட்டையையும் எப்படித் தாங்குது?

ஒரு கம்பியைக் கையில் எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள், உடனே வளைந்துவிடும். அதையே இரண்டு கையால் பிடித்து இழுத்தால் அசையாது. சக்கரம் இந்தக் குணத்தை நம்பித்தான் நிற்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் அச்சுக்குக் கீழே நிற்கும் ஆரக்கால் தூணைப் போலப் பாரத்தை வாங்கும். சைக்கிளில் கம்பி எதுவும் தூணாக நிற்பதில்லை. எல்லாக் கம்பியும் சுற்றிலுமிருந்து ரிம்மை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது.

கம்பிக்கு 100 கிலோ இழுவை என்று வைத்தால், 36 கம்பியும் சேர்ந்து 3,600 கிலோ. வண்டியில் யாரும் ஏறாதபோதே சக்கரத்துக்குள் இவ்வளவு இழுவை இருக்கிறது. ஆள் ஏறியதும் தரையைத் தொடும் இடத்தில் ரிம் சற்றே உள்ளே அமுங்கும். அங்கே இருக்கும் இரண்டு மூன்று கம்பிகளின் இழுவை குறையும். மற்றக் கம்பிகளில் பெரிய மாற்றம் இருக்காது. முன்கூட்டியே இழுத்து வைத்ததிலிருந்து குறைவதுதான் இங்கே பாரத்தைத் தாங்குவது. அடிக்கம்பியின் இழுவை பூஜ்யத்துக்குப் போகாத வரை சக்கரம் உறுதியாக இருக்கும். பின்னால் வரும் பதில்கள் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

இழுத்துப் பிடிக்கும் சக்கரம் என்ற யோசனையை 1808-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி குறித்து வைத்தார். 1869-இல் பாரிஸில் யூஜீன் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பிகளைச் சாய்த்துக் குறுக்காகக் கோர்க்கும் முறைக்கு 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி வாங்கினார். இன்று நம் தெருவில் ஓடும் சைக்கிளில் இருப்பது அந்தக் கோர்ப்புதான்.

3. பழைய பெரிய வண்டியில முன்னாடி 32, பின்னாடி 40 கம்பி இருக்கே, ஏன்?

பின் சக்கரத்தின் மேல்தான் ஆளும் கேரியர் சாமானும் உட்காருகிறது, பெடலின் இழுப்பும் அதற்குத்தான் வருகிறது. அதனால் முன்னால் குறைத்துப் பின்னால் கூட்டினார்கள். நியாயமான கணக்கு. இப்போது பல வண்டிகளில் இரண்டு பக்கமும் 36. ஒரே ரிம் இரண்டுக்கும் ஆகும். 40 துளை ஹப் வைத்திருந்தால் 40 துளை ரிம்தான் தேட வேண்டும். நாலு துளையைக் காலியாக விட்டு 36-இல் கோர்க்கலாம் என்று முயலாதீர்கள், கம்பிகளின் சாய்வு தாறுமாறாகிவிடும்.

4. கம்பி நீளம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழைய கம்பியை அளந்தாப் போதாதா?

ஹப்பும் ரிம்மும் அதேதான் என்றால் போதும். கழுத்து வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளக்க வேண்டும், கொண்டையைச் சேர்க்கக் கூடாது. பின் சக்கரத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாக அளங்கள். பல கியர் வண்டியில் செயின் பக்கக் கம்பி ஒன்றிரண்டு மி.மீ. குட்டையாக இருக்கும்.

ரிம்மோ ஹப்போ மாறினால் கணக்குப் போட்டே ஆக வேண்டும். மூன்று அளவு எடுங்கள். மையத்திலிருந்து ரிம்மில் நிப்பிளின் தலை உட்காரும் இடம் வரை ரிம் ஆரம். ஹப் தட்டில் துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரம். ஹப்பின் நடுவிலிருந்து அந்தத் தட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். பிறகு ரிம் ஆரம், தட்டு ஆரம், 2, கோணத்தின் கொசைன் நான்கையும் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்து, ஹப் துளை விட்டத்தில் பாதியைக் கழித்தால் நீளம். கோணம் என்பது குறுக்கு எண்ணிக்கையை 720-ஆல் பெருக்கிக் கம்பி எண்ணிக்கையால் வகுப்பது. 36 கம்பி மூன்று குறுக்குக்கு 60 டிகிரி, கொசைன் 0.5.

ஒரு கணக்கு: ரிம் ஆரம் 300, தட்டு ஆரம் 22.5, தட்டின் தூரம் 35, ஹப் துளை 2.5 (எல்லாம் மி.மீ.). வர்க்கங்களின் கூட்டல் 91,731. கழிக்க வேண்டியது 6,750. மிச்சம் 84,981, வர்க்கமூலம் 291.5. துளையில் பாதியைக் கழித்தால் 290.3. வாங்க வேண்டியது 290 மி.மீ. கம்பி. அதே ஹப்பில் செயின் பக்கத் தட்டு நடுவிலிருந்து 18 மி.மீ. மட்டும் தள்ளியிருந்தால் 288.7 வரும். பக்கத்துக்குப் பக்கம் ஒன்றரை மி.மீ. வேறுபடுவது இதனால்தான்.

5. கடையில வேண்டியதைவிட 5 மி.மீ. கூட நீளமான கம்பிதான் இருக்கு. வெட்டி மரை போட்டுக்கலாமா?

வெட்டாமல் போட்டால் மரை முடிந்த இடத்தில் நிப்பிள் நின்றுவிடும், மேலே இறுக்க முடியாது. முனையும் ரிம்முக்குள் துருத்தி டியூபைக் குத்தும். ரிம் பக்கமாக, அதாவது டியூபின் உள்வட்டத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அரை மி.மீ., ஒரு மி.மீ. துருத்தல் என்றால் அரத்தால் ராவி, நாடாவை ஒழுங்காகப் போட்டால் சரியாகிவிடும்.

வெட்டி மரை போடுவதில் வேறு சிக்கல் இருக்கிறது. தொழிற்சாலையில் கம்பி மரையைச் சீவி எடுப்பதில்லை, உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டி எடுக்கிறார்கள். அதனால் மரைப் பகுதி கம்பியைவிடச் சற்றுப் பருத்து, இரும்பு அறுபடாமல் இருக்கும். டையால் (மரை வெட்டும் கைக்கருவி) சீவினால் 2 மி.மீ. கம்பி அந்த இடத்தில் மெலிந்து, அங்கேயே அறும். மரை உருட்டும் மெஷின் உள்ள கடை என்றால் வெட்டித் தரச் சொல்லலாம்.

6. கோர்க்கிற வரிசையைச் சொல்லுங்க. பாதியிலயே குழம்பிடுது.

கம்பிகளை ஒன்பது ஒன்பதாக நாலு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பமே வராது. செயின் பக்கம் நம்மைப் பார்க்க, வால்வு ஓட்டை மேலே இருக்கும்படி ரிம்மை மடியில் வையுங்கள். ரிம் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று நம் பக்கமும் எதிர்ப்பக்கமும் தள்ளியிருப்பது தெரியும். நம் பக்கம் தள்ளிய துளை நம் பக்கத் தட்டுக்கு, மற்றது எதிர்த் தட்டுக்கு. முதல் கூட்டம்: செயின் பக்கத் தட்டில் ஒன்றுவிட்டு ஒரு துளையில், கொண்டை வெளிப்புறம் நிற்கும்படி ஒன்பது கம்பியைப் போடுங்கள். முதல் கம்பியை வால்வுக்கு வலது பக்கம் அடுத்துள்ள துளையில் மாட்டுங்கள். அந்தத் துளை எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தால் அதற்கும் அடுத்த துளையில். அங்கிருந்து நாலாவது, நாலாவது துளையாக மற்ற எட்டும். நிப்பிளை மூன்று நாலு சுற்று மட்டும் ஏற்றினால் போதும்.

இரண்டாவது கூட்டம் எதிர்த் தட்டில், அதுவும் கொண்டை வெளிப்புறமாக. ஹப்பை உற்றுப் பார்த்தால் ஒரு தட்டின் துளைக்கு நேரே மறுதட்டில் துளை இருக்காது, அரைத் துளை தள்ளியிருக்கும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். முதல் கம்பி வால்வை ஒட்டியே இருந்தால் இரண்டாவது கூட்டத்தின் முதல் கம்பியை ரிம்மில் அதற்கு வலப்பக்கம் போடுங்கள். ஹப்பிலும் வலப்பக்கம் அரைத் துளை தள்ளியதையே எடுங்கள். முதல் கம்பி ஒரு துளை விட்டு இருந்தால், வால்வுக்கும் அதற்கும் நடுவே காலியாக இருக்கும் துளையில் போடுங்கள். ஹப்பில் இடப்பக்கம் தள்ளியது. ரிம்மில் எந்தப் பக்கமோ, ஹப்பிலும் அந்தப் பக்கம். பதினெட்டும் போட்ட பிறகு, செயின் பக்கமிருந்து பார்த்து ஹப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருகுங்கள். பதினெட்டும் ஒரே பக்கம் சாயும்.

மூன்றாவது கூட்டம் செயின் பக்கத் தட்டில் மிச்சமுள்ள துளைகளில், இந்த முறை கொண்டை உட்புறமாக. ஒவ்வொரு கம்பியும் எதிர்த்திசையில் சாய்ந்து, அதே பக்கத்து முதல் கூட்டக் கம்பிகள் மூன்றைத் தாண்டும். முதல் இரண்டுக்கு வெளியே போய், மூன்றாவதற்கு உள்ளே நுழைந்து, நம் பக்கம் தள்ளிய காலித் துளைக்குப் போக வேண்டும். ஹப்பை ஒட்டி வரும் குறுக்கையும் ஒன்றாக எண்ணுங்கள். அந்த ஒன்றை விட்டுவிட்டு நாலு குறுக்கு போட்டுவிட்டுக் கம்பி எட்டவில்லை என்பவர்கள் அதிகம். நாலாவது கூட்டம் எதிர்ப்பக்கம் அதேபோல. முடித்ததும் ஒவ்வொரு கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்தித் தட்டோடு படியவையுங்கள். ஏன் என்பது 13-ஆம் கேள்வியில்.

7. வால்வு ஓட்டைக்கு மேல ரெண்டு கம்பி குறுக்கா வந்துடுச்சு. பரவாயில்லையா?

பலத்துக்கு ஒன்றும் குறைவில்லை. காற்றடிக்கும் பம்பின் தலை நுழையாது, தினமும் கை சிராய்க்கும். முதல் கம்பியை வால்வுக்கு இடது பக்கம் தொடங்கியிருப்பீர்கள், அல்லது ஹப்பை எதிர்த்திசையில் திருகியிருப்பீர்கள். வால்வின் இருபுறக் கம்பியும் அதை விட்டு விலகிச் சாய்வதுதான் சரியான அமைப்பு. பதினெட்டுக் கம்பி போட்டுத் திருகியதும் வால்வுக்கு வலப்பக்கக் கம்பி விலகிச் சாய்கிறதா என்று பார்த்துவிட்டால், முழுதும் கோர்த்த பிறகு பிரிக்க வேண்டி வராது.

8. நிப்பிளை எந்தப் பக்கம் திருப்பினா டைட் ஆகும்? ஒவ்வொரு தடவையும் மாறிப்போகுது.

மரை சாதாரண வலது மரைதான். மாறுவது நாம் பார்க்கும் பக்கம். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து திருப்புளி வைத்தால் கடிகாரத் திசையில் இறுகும். அதே நிப்பிளை உள்ளே, ஹப் பக்கமிருந்து பார்த்தபடி சாவி போட்டால் எதிர்த்திசையில் இறுகும். எங்கே நின்றாலும் டயர் இல்லாத வீலில் ரிம்முக்கு வெளியிலிருந்து திருப்புளியால் திருகுவதாகக் கற்பனை செய்துகொண்டு திருப்புங்கள், தவறாது.

9. எவ்வளவு டைட் வைக்கணும்? அளக்கிற மீட்டர் எங்ககிட்ட இல்லை.

காதும் கையும் போதும். ஒரே பக்கத்துக் கம்பிகளை நடுவில் நகத்தால் மீட்டுங்கள். எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். சுருதி இரட்டிப்பாக வேண்டுமென்றால் இழுவை நாலு மடங்காக வேண்டும். ஆகவே காதுக்குச் சிறிதாகத் தோன்றும் வித்தியாசம்கூட இழுவையில் பெரிய வித்தியாசம். மந்தமாக, ஒலியே எழாமல் ‘தொப்’ என்று வரும் கம்பி இருந்தால் அது வேலையே செய்யவில்லை. நல்ல நிலையில் ஓடும் இன்னொரு வீல் பக்கத்தில் இருந்தால், கம்பித் தடிமனும் அளவும் ஒத்துப்போகும் பட்சத்தில், அதை மீட்டி ஒப்பிடுங்கள்.

மேல் எல்லையை ரிம்தான் சொல்லும். சேர்ந்தாற்போலப் போகும் இரண்டிரண்டு கம்பிகளைக் கையால் வலுவாக அமுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். நேராக இருந்த ரிம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பெரிய அலையாக நெளிந்தால் அளவு மீறிவிட்டது. எல்லா நிப்பிளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நேராக்கிக்கொள்ளுங்கள்.

10. கோட்டம் எடுக்க எடுக்க இன்னும் மோசமாகுது. என்ன தப்பு?

கோட்டம் எடுப்பதற்கு முன் ஹப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள் (15-ஆம் கேள்வி). அச்சு ஆடும் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். அடுத்து, எல்லா நிப்பிளும் ஒரே அளவில் தொடங்கியதா? கம்பியின் மரை நிப்பிளுக்குள் மறையும் அளவை அடையாளமாக வைத்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று, அப்புறம் அரைச் சுற்று என்று ஏற்றினால் பாதி வேலை தானாக முடியும். இதைச் செய்யாமல் கோட்டத்தைத் துரத்துகிறவர்களுக்குத்தான் முடிவே வருவதில்லை.

முதலில் மேடு பள்ளம், பிறகு பக்கவாட்டுக் கோட்டம். ஃபோர்க்கில் சாக்பீஸை ஊன்றிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் உரசும் இடத்தில் கோடு விழும். மேடான இடத்தில் இடது, வலது என்று பக்கத்துப் பக்கத்துக் கம்பி இரண்டையும் சேர்த்து அரைச் சுற்று இறுக்குங்கள், பள்ளத்தில் தளர்த்துங்கள். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தின் இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் வட்டம் கெடாது. இறுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு கோட்டத்தோடும் ஒரு பள்ளம் புதிதாக வரும், மோசமாகிறது என்று நீங்கள் சொல்வது அதைத்தான். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில் அரை மி.மீ.க்குள் நின்றால் நல்ல வேலை.

ஒரு இடம் மட்டும் வழிக்கே வராவிட்டால் கம்பியை மீட்டிப் பாருங்கள். ரிம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் இடக்கம்பி ஏற்கெனவே விறைப்பாகவும் வலக்கம்பி தொளதொளவென்றும் இருக்கிறது என்றால், ரிம்மே பள்ளத்தில் விழுந்து வளைந்திருக்கிறது. அதைக் கம்பியால் நேராக்குவது மற்றக் கம்பிகளுக்குக் கேடு. ரிம் மாற்றுவதுதான் வழி.

11. பின் வீல் நேராச் சுத்துது, ஆனா ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது.

ஹப்பின் ஒரு பக்கம் ப்ரீவீலுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) இடம் போய்விடுவதால் இரண்டு தட்டும் அச்சின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. ரிம் நிற்க வேண்டியது தட்டுகளுக்கு நடுவில் இல்லை, ஃபிரேமுக்குள் உட்காரும் இரண்டு ஓர நட்டுகளுக்கு நடுவில். எந்தப் பக்கம் ஒதுங்கியதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பி அத்தனையையும் கால் சுற்று இறுக்குங்கள். போதாவிட்டால் இன்னொரு கால். சரிதானா என்று பார்க்க வீலைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். இரண்டு முறையும் ரிம் ஒரே இடத்தில் நின்றால் நடு வந்துவிட்டது.

செயின் பக்கக் கம்பி செங்குத்தாக நிற்பதால் நடு வந்த பிறகு அது அதிக இறுக்கமாகவும், இடப்பக்கம் தளர்வாகவும் இருக்கும். அது பிழை இல்லை. 9-ஆம் பதிலில் ‘ஒரே பக்கத்துக் கம்பிகளை’ ஒப்பிடச் சொன்னது அதனால்தான்.

12. புதுசாக் கோர்த்த வீல் முதல் நாள் ‘டிக் டிக்’னு சத்தம் போடுது.

நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. ஓடும்போது அடிக்கம்பியின் இழுவை குறையும் நொடியில் (2-ஆம் கேள்வி) அந்த முறுக்கு அவிழ்கிறது, அதுதான் சத்தம். அவிழ்ந்த பிறகு கோட்டமும் லேசாக வரும். கடைசிச் சுற்றுகளில் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடத் திருப்பி, அந்தக் கூடுதலைத் திரும்ப விடுங்கள். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் முறுக்கே குறையும். 9-இல் சொன்ன கையால் அமுக்கும் வேலையைச் சக்கரம் முழுக்க இரண்டு மூன்று முறை செய்து, மறுபடி கோட்டம் பார்த்துக் கொடுத்தால் வண்டி சத்தமில்லாமல் போகும்.

13. கம்பி கழுத்துலயே அறுந்துகிட்டே இருக்கு. ரொம்ப டைட் வெச்சதாலயா?

அநேகமாக நேர்மாறு. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகும். தினம் 10 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 13 லட்சம் முறைக்கு மேல். கம்பி நல்ல இழுவையில் இருந்தால் கழுத்து தட்டோடு ஒட்டியபடியே நிற்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு முறையும் துளைக்குள் நகர்ந்து, கழுத்து மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பித் துண்டைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். கோர்க்கும்போது கழுத்தைப் படியவைக்காமல் விட்டாலும் இதே கதி.

ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றி, மற்றவற்றின் இழுவையைச் சரிபாருங்கள். மூன்று அறுந்துவிட்டால் எல்லாக் கம்பியையும் மாற்றுங்கள். மிச்சமும் அதே சுற்று சுற்றியவைதான். கழுத்தில் இல்லாமல் நடுவில் அறுந்தால், செயின் விழுந்து வெட்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருவேறும், அங்கே எவர்சில்வர் கம்பியும் பித்தளை நிப்பிளும்தான் நல்லது. அலுமினிய நிப்பிள் உப்பில் பொரிந்து கம்பியோடு பிடித்துக்கொள்ளும்.

14. குறுக்கு போடாம கம்பியை நேராப் போட்டா என்ன? பார்க்க நல்லா இருக்கே.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள முன் சக்கரத்தில் போடலாம், ஹப் அதற்கேற்ற உறுதியுள்ளதாக இருந்தால். பின் சக்கரத்தில் கூடாது. செயின் திருப்புவது ஹப்பை. அந்தத் திருப்பலை ரிம்முக்குக் கொண்டுபோக, கம்பி தட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு சாய்வாகப் போக வேண்டும். நேர்க்கம்பியில் ஹப் தனியே திருகும், அதன் பிறகுதான் ரிம் அசையும். டிஸ்க் பிரேக் ஹப்பைப் பிடிப்பதால், டிஸ்க் உள்ள முன் சக்கரத்துக்கும் குறுக்கு கட்டாயம்.

15. ஹப்புக்குள்ள எத்தனை பால்ரஸ் குண்டு? ஒண்ணு ரெண்டு குறைஞ்சா ஓடாதா?

கப் (குண்டுகள் உட்காரும் கிண்ணம்), கோன் (அச்சில் திருகி அவற்றைப் பிடித்து நிறுத்தும் கூம்பு நட்டு) வைத்த சாதாரண ஹப்பில் முன்னால் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு 9, கால் அங்குலம். ஒன்று குறைந்தாலும் ஓடும், ஆனால் மற்றவை பாரத்தைச் சேர்த்துச் சுமந்து கோனில் குழி விழும். தொலைந்த ஒன்றுக்கு மட்டும் புதுக்குண்டு போடாதீர்கள். தேய்ந்தவற்றுக்கு நடுவே புதியது பெரிதாக நின்று, பாரம் முழுக்க அதன் மேலேயே விழும். மாற்றினால் முழுசாக மாற்றுங்கள்.

கோனை இறுக்கும்போது அச்சைக் கையால் சுழற்றினால் கரகரப்பு தெரியக் கூடாது, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டமும் தெரியக் கூடாது. பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் போகும் என்பதால், கோனை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே பூட்டுங்கள்.

16. பழைய ஹப்பையே வெச்சு ரிம் மாத்தணும். கம்பியெல்லாம் வெட்டிட்டேன், இப்ப ப்ரீவீல் கழட்டவே வரமாட்டேங்குது.

ப்ரீவீல் ஹப்பில் வலது மரையில் ஏறியிருக்கிறது. பெடலை மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்குகிறது. வருஷக்கணக்கில் ஓடிய வண்டியில் அதைக் கழற்ற நெம்பு பலம் வேண்டும், அந்த நெம்புகோல் ரிம்தான். அதனால் சரியான வரிசை: ப்ரீவீலுக்கு ஏற்ற கழற்றியை வைத்து அச்சு நட்டால் லேசாகப் பிடிக்கவிட்டு, கழற்றியை வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கி) கடிக்கவைத்து, ரிம்மை இரண்டு கையாலும் ஸ்டீயரிங் போலப் பிடித்து எதிர்க்கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். அசைந்ததும் நட்டைத் தளர்த்தி மிச்சத்தைக் கழற்றலாம். அதன் பிறகுதான் கம்பியை வெட்டுவது.

வெட்டிவிட்ட நிலையில், வெறும் ஹப்பின் தட்டை வைஸில் கடிக்கவைத்துத் திருப்பாதீர்கள். தட்டு நெளியும் அல்லது துளையோரம் வெடிக்கும். பழைய ரிம்மும் கம்பியும் கையில் இருந்தால், வெட்டாத கம்பி எவ்வளவு தேறுகிறதோ அதை வைத்து 6-ஆம் பதிலின்படி தற்காலிகமாகக் கோர்த்து இறுக்கிக் கழற்றலாம். இல்லையென்றால் புது ரிம்மைப் புதுக் கம்பியோடு முழுசாகக் கோர்த்து, இழுவை ஏற்றிய பிறகு ப்ரீவீலைக் கழற்றுங்கள். செயின் பக்கக் கம்பியை நுழைக்க ப்ரீவீல் பல் இடைஞ்சலாக இருக்கும். கம்பியைக் கொஞ்சம் வில்லாக வளைத்து நுழைத்து, உள்ளே போனதும் நேராக்கிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.